எட்டரை மணி ஓங்கல்கள்

முத்துராக்குவின் இதயம் நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு முறை துடித்தது. அதனால் அவள் நாட்டின் எதிரி ஆனாள்.

அப்படித்தான் திரையில் எழுதியிருந்தது. ஆனைப்பார் என்ற பவளத் திட்டின் அருகே ஆறு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் கீழும் ‘தீய நோக்கம், 94 சதவீதம்’. சைரன் அலறியது. காவல் படகு நுரை கக்கிக்கொண்டு பாய்ந்தது. ஐந்தே நிமிடத்தில் ஆறு பெண்கள் தண்ணீருக்கு மேலே தலை தூக்கினார்கள். ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, நீச்சல் கண்ணாடி, விரல்களில் சுற்றிய கந்தல் துணி, இடுப்பில் வலைப்பை. பைக்குள் இருந்த பயங்கர ஆயுதம், மரிக்கொழுந்துப் பாசி. ஜெல்லி உறைவதற்காக உலகமெங்கும் வாங்குகிற பாசி.

பூவரசன்வலசைப் பெண்கள் மூச்சடக்கி முங்கி அந்தப் பாசியைப் பறித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இப்போது அதன் நடுவில் கார்வியா வந்து உட்கார்ந்திருந்தது.

கார்வியா பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பணக்கார நாடு. ராணுவ ஒத்துழைப்பு என்று இரு நாடுகளும் கையெழுத்திட்டதும் அவர்கள் முதலில் கொண்டுவந்து கடலடியில் பொருத்தியது ஒரே ஒரு கருவி. அரசாங்கம் வைத்த பெயர் ஆழ்செவி. உருண்டையாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருந்ததால் ஊர் வைத்த பெயர் பூசணி. சோதனை வெற்றி என்றால் ஜலசந்தி முழுக்க முந்நூறு பூசணிகள் வரும். எதிர்க்கரை நாடு சும்மா இருக்குமா? கார்வியாவுக்கு ஆகாத இன்னொரு வல்லரசைக் கூப்பிட்டு, அவர்கள் கருவிகளைத் தன் பக்கம் பொருத்த ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

இரண்டு பெரியவர்களின் காதுகள், நடுவில் ஒரு சின்னக் கடல்.

சைரன் மூன்று வாரங்களில் பத்தொன்பது முறை ஒலித்தது. பிறகு ஒலிக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மதியம் ஆறு பெண்களும் கடற்படை முகாமுக்கு மனுவோடு வந்தார்கள்.

முகாமில் கார்விய மொழி தெரிந்தவள் இளவேனில் மட்டும்தான். திருச்சிக்காரி, ஒலியியல் பொறியாளர், வயது முப்பத்தொன்று. கருவியைக் கற்றுக்கொள் என்று அனுப்பப்பட்டவள், மொழிபெயர்ப்பு வேலையும் சேர்த்துப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் கேப்டன் தாமோதரன். அவர் அருகே கார்வியாவின் கமாண்டர் ப்ரென்னர், ஆறடி மூன்றங்குலம், மூக்கில் வெள்ளையாக சன்ஸ்கிரீன், கையில் பாதி கடித்த பனங்கிழங்கு. இந்தக் கரையில் அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல்லும் அதுதான்.

“ஆபீசரம்மா, இவுக கிட்ட ஒண்ணு கேளுங்க,” என்றாள் முத்துராக்கு. நாற்பத்தைந்து வயது, குழுவின் தலைவி. “எங்க நெஞ்சு அடிக்கிறத வச்சு எங்கள எப்படிக் களவாணிங்குறாக?”

ப்ரென்னர் கிழங்கைக் கீழே வைத்தார். விளக்குவது அவருக்குப் பிடித்த காரியம்.

“இதயம் துடிப்பது நீரில் வெகுதூரம் போகும். மனிதக் காதுக்குத்தான் கேட்காது. கெட்ட நோக்கத்தோடு வருகிறவனின் துடிப்புக்கு ஒரு வடிவம் இருக்கிறது. நாற்பதாயிரம் பேரிடம் பதிவு செய்து கருவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.”

“யார் அந்த நாற்பதாயிரம் பேர்?” இது இளவேனில் தானாகக் கேட்டது.

“எங்கள் வீரர்கள். பாதிப்பேரைச் சும்மா நீந்தச் சொன்னோம். மீதிப்பேரை எதிரியாக நடித்து, காவலுக்குத் தெரியாமல் நுழையச் சொன்னோம். மாட்டினால் ஒரு மாத விடுப்பு ரத்து.”

“அப்படியானால் கருவி கற்றது கெட்ட நோக்கத்தை இல்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தை.”

“இரண்டும் ஒன்றுதானே? தப்புச் செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?”

இளவேனில் அதைத் தமிழில் சொன்னாள். முத்துராக்குவின் நாத்தனார் பஞ்சவர்ணம், கட்டையான உருவம், ஓயாத வாய், முன்னால் சாய்ந்தாள்.

“காவல் படகு விரட்டுனா யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது? அது கிடக்கட்டும். இவரு பொண்டாட்டிக்குப் பயப்படுவாரான்னு கேளுங்க.”

இளவேனில் இதை மொழிபெயர்க்கவில்லை. கேப்டனின் மீசை மட்டும் ஒருமுறை அசைந்தது.

“அது போக,” என்றார் ப்ரென்னர், “ஒரு மாதமாக இவர்கள் ஆனைப்பார் பக்கம் வருவதே இல்லை. கருவி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சைரன் ஒலித்தால் மட்டும் படகு போனால் போதும். டீசல் மிச்சம். இப்போது அங்கே வருவது ஓங்கல்கள் மட்டும்தான்.”

டால்பினை இந்தக் கரையில் ஓங்கல் என்பார்கள். அந்தச் சொல்லையும் ப்ரென்னர் ஆசையாகக் கற்றிருந்தார்.

“தினமும் காலை எட்டரைக்கு ஒரு கூட்டம். ஐந்து, சில நாள் ஆறு. கருவி துல்லியமாகச் சொல்கிறது: ‘விளையாட்டு மனநிலை, ஆபத்தில்லை.’ எங்கள் நாட்டு இயற்கைச் சங்கத்துக்கு ஒரு கட்டுரையே அனுப்பியிருக்கிறேன்.”

இது தமிழில் வந்ததும் பஞ்சவர்ணத்துக்குப் பலமாக இருமல் வந்தது. கடைசியில் நின்றிருந்த சகாயமேரி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

“சரி,” என்றாள் முத்துராக்கு. “அடுத்த வாரம் மந்திரியெல்லாம் வர்றாகளாம்ல. கப்பல்ல வச்சு பூசணிய ஒப்படைக்கிற விழாவாம். அன்னைக்கு எதிரி மாதிரி வேசம் கட்டிக்கிட்டு நேவிக்காரப் பயலுக முங்கப் போறதாக் கேள்வி.”

“ஆமா,” என்றார் கேப்டன். “பன்னிரண்டு பேர். ஒத்திகையில் பன்னிரண்டு பேரும் மாட்டினார்கள்.”

“அவுகளுக்குப் பதிலா நாங்க முங்குறோம் சார். உங்க பூசணி எங்கள எதிரிங்குது. எதிரியாவே வர்றோம், பிடிக்கச் சொல்லுங்க. பிடிச்சா பார் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டோம். பிடிக்கலைன்னா பார் எங்களுக்கு.”

ப்ரென்னர் வாய்விட்டுச் சிரித்தார். பத்தொன்பது முறை வந்தார்கள், பத்தொன்பது முறையும் மாட்டினார்கள். செய்தியாளர்களுக்கு முன்னால் இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. கேப்டன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மந்திரி அலுவலகத்தில் பேசி எழுத்தில் அனுமதி வாங்கினார். நிபந்தனை எளிது. கருவியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்ட வேண்டும். நேரம் முப்பது நிமிடம். சைரன் ஒலித்தால் தோல்வி. இளவேனில் நடுவர்.

வெளியே வந்ததும் இளவேனில் முத்துராக்குவைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, பெரிய தப்புப் பண்ணிட்டீங்க. ரிப்பன் கட்டணும்னு நெனச்சுக்கிட்டுப் போனாலே படபடப்பு வரும். தோத்துட்டா பார் நிரந்தரமாப் போயிரும்.”

“போகாது தாயி.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நீங்க சாப்பிட்டாச்சா?” என்றாள் முத்துராக்கு.

விழா நாள். கடல் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. கப்பலின் மேல்தளத்தில் பந்தல், மந்திரி, செய்தியாளர்கள், சமோசா. மரியாதை நிமித்தம் அழைக்கப்பட்ட எதிர்க்கரை நாட்டின் பார்வையாளர் செல்வரத்தினம் ஒரு ஓரமாகக் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். பெரிய திரைக்கு முன்னால் ப்ரென்னர் மெடல்களோடு நின்றார். இருபத்திரண்டு வருட உழைப்பு அவருக்கு அந்தப் பூசணி.

அரை கிலோமீட்டர் தள்ளி, ஆனைப்பார் மேல், இன்ஜின் இல்லாத ஒரு வத்தை. அந்தச் சின்னப் படகில் ஆறு பெண்களும், கையில் வாக்கி டாக்கியோடு இளவேனிலும் இருந்தார்கள். நடுங்கியது இளவேனில் மட்டும்தான்.

“ஆரம்பிக்கலாமா?” என்றாள் அவள்.

“இருங்க. இன்னும் கேலி போடல,” என்றாள் பஞ்சவர்ணம்.

“என்ன போடல?”

“கேலி. முங்குறதுக்கு முந்தி ஒருத்திய வச்சு ஓட்டுவோம். சிரிச்சு முடிச்சாத்தான் மூச்சு நெஞ்சுக்குள்ள நல்லா எறங்கும். சிரிப்பு வராதவ அன்னைக்கு முங்கக் கூடாது, வத்தையிலயே இருக்கணும். மொத்தப் பேருக்கும் அதான் சட்டம். இன்னைக்கு யாரப் போடலாம்?”

“என்னையும் உங்கண்ணனையும் போடு. உனக்குத்தான் உரிமை இருக்கே,” என்றாள் முத்துராக்கு, தலைத் துண்டை இறுக்கிக்கொண்டே.

பஞ்சவர்ணம் இளவேனில் பக்கம் திரும்பி வசதியாக உட்கார்ந்தாள்.

“ஆபீசரம்மா, எங்கண்ணன் இந்த மதினியப் பொண்ணு பாக்கப் போன கதை தெரியுமா? பூவும் பழமுமா பதினோரு பேரு போயி உக்காந்திருக்கோம். பொண்ணு கடல்ல கிடக்கு. எங்கண்ணன் வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாக்குது. அப்ப கடக்கரையிலருந்து ஒரு ஆளு வருது. முழுக்கைச் சட்டை, டவுசரு, தலையில முண்டாசு, கண்ணாடி, மூஞ்சி பூரா சேறு, கால்ல முங்குறதுக்குக் கட்டுன தகரத்தட்டு. எங்கண்ணன் அத கையெடுத்துக் கும்பிட்டு, ‘மச்சான், நேரமாகுது, தங்கச்சிய வரச் சொல்லுங்க’ங்குது.”

“அய்யோ,” என்றாள் இளவேனில்.

“இவ என்ன செஞ்சா? ‘இந்தா கூப்பிடுறேன் மாப்பிள்ளை’ன்னு குரல மாத்திச் சொல்லிட்டுக் கொல்லைப் பக்கமாப் போயி, குளிச்சு, சேலை கட்டி, காப்பித் தட்டோட முன் வாசலுக்கு வர்றா. எங்கண்ணன் காப்பியக் குடிச்சிட்டு எங்கம்மா காதுல சொல்லுது, ‘பொண்ணு சுமாரு, அவ அண்ணன் தங்கமான மனுசன்’னு.”

வத்தை ஆடியது. ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“முடியல, கேளுங்க. தலைதீபாவளிக்கு அந்த மச்சானுக்குன்னு தனியா ஒரு வேட்டி எடுத்து வச்சிருந்துச்சு. ‘எங்க புள்ள அவரு, கல்யாணத்துக்குக்கூட வரலையே’ன்னு கேட்டுச்சாம்.”

“அந்த வேட்டி இன்னும் பெட்டியில இருக்குடி,” என்றாள் முத்துராக்கு, கண்ணில் நீர் வழிய. “மச்சான் துபாயில இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

இளவேனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் நிமிர்ந்தபோது வத்தையில் சகாயமேரி மட்டும் இருந்தாள். மற்ற ஐந்து பேரும் சிரித்த முகத்தோடு முங்கிவிட்டிருந்தார்கள். நீர்மேல் ஐந்து வட்டங்கள் விரிந்தன.

சகாயமேரி சிரிக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலில் ஐந்து பச்சைப் புள்ளிகள் தோன்றின. ‘ஓங்கல்கள், ஐந்து. விளையாட்டு மனநிலை. ஆபத்தில்லை.’

“இன்றைக்கும் சரியாக எட்டரைக்கு வந்துவிட்டன,” என்று ப்ரென்னர் மந்திரியிடம் பெருமையோடு காட்டினார். “எதிரிகள் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.”

பத்து நிமிடம். இருபது நிமிடம். ஓங்கல்கள் மேலே வந்தன, போயின, விளையாடின. சைரன் வாயைத் திறக்கவில்லை. திடீரென்று திரை முழுக்கக் கறுப்பானது. வாக்கி டாக்கியில் இளவேனிலின் குரல் வந்தது.

“கேப்டன் சார், எதிரிகள் வேலையை முடித்துவிட்டார்கள். ஆனால் ரிப்பன் கட்டவில்லை.”

“பிறகு?”

“வந்து காட்டுகிறோம் சார்.”

வத்தை கப்பலை ஒட்டியது. ஐந்து வலைப்பைகளில் பாசி நிறைந்திருந்தது. ஆறாவது மூட்டையை மூன்று பெண்கள் சேர்ந்து தூக்கி மேலே கொடுத்தார்கள். ஈரச் சாக்குக்குள் பூசணி.

“ரிப்பனக் கட்டத் தோதா அதுல ஒரு புடிகூட இல்ல சார்,” என்றாள் பஞ்சவர்ணம், மந்திரியைப் பார்த்து. “வழுக்கி வழுக்கி விழுகுது. அதான் கழட்டி எடுத்தாந்துட்டோம். நாலே நாலு திருகுதான். ரிப்பன் இந்தா இருக்கு, நீங்களே கட்டிக்கிருங்க.”

செய்தியாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து படமெடுத்தார்கள். ப்ரென்னரின் முகம் அவர் பூசியிருந்த சன்ஸ்கிரீனைவிட வெளுத்தது.

“தண்ணீர்,” என்று கத்தினார். “காற்றுப் பட்டால் உணரிகள் வீணாகிவிடும். தண்ணீரில் வையுங்கள்.”

சமையல்கட்டிலிருந்து ஒரு பெரிய அண்டா வந்தது. கடல்நீரை ஊற்றிப் பூசணியை உள்ளே இறக்கினார்கள். ப்ரென்னர் முழங்கை வரை இரண்டு கைகளையும் விட்டு, விரல்களால் மூடிகளைத் தடவிப் பார்த்தார். இணைப்பு மீண்டு வந்தது. திரை ஒளிர்ந்தது.

சைரன் அலறியது. கப்பலே அதிர்ந்தது.

திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. ‘எதிரி, ஒன்று. தீய நோக்கம், 97 சதவீதம். தூரம், பூஜ்யம்.’

ப்ரென்னர் திரையைப் பார்த்தார். அண்டாவுக்குள் இருக்கும் தன் கைகளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“மாட்டிக்கிட்டாரு,” என்றாள் பஞ்சவர்ணம் மெதுவாக.

அவள் சொன்ன மொழி அவருக்குப் புரிந்திருக்காது. தொனி புரிந்துவிட்டது. முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு மெடல்கள் குலுங்கின. பிறகு அந்த ஆறடி மூன்றங்குல மனிதர் அண்டாவில் கைகளை வைத்தபடியே, கண்ணீர் வரச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க சைரன் இழுத்து இழுத்து நின்றது. சிவப்பு மங்கியது, பச்சை வந்தது.

‘ஓங்கல், ஒன்று. விளையாட்டு மனநிலை. ஆபத்தில்லை.’

மந்திரி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இளவேனில் ப்ரென்னருக்கு ஒரு துண்டை நீட்டினாள்.

“சிரித்துக்கொண்டே கடலுக்குள் முங்கும் மனிதரை உங்கள் கருவி பார்த்ததே இல்லை, கமாண்டர். மூச்சடக்கும்போது அவர்கள் இதயம் சட்டென்று நிதானமாகிவிடுகிறது. அதற்குத் தெரிந்தவற்றில் அப்படித் துடிப்பது ஓங்கல்தான்.”

“என் கட்டுரை,” என்றார் ப்ரென்னர் திடீரென்று. “இயற்கைச் சங்கம் அதை அச்சிட்டுவிட்டதே.”

ஓரத்தில் செல்வரத்தினம் பேனாவை மூடியிருந்தார். “கேப்டன், எங்கட பக்கத்துக்கும் இப்பிடி ஒரு சாமான் கொண்டு வாறதாத்தான் இருந்தது. வேற நாட்டுக்காரன்ர. அதுவும் உங்கட ஆக்களுக்குப் பயந்துதான். நான் இண்டைக்கு என்னெண்டு எழுதுறது?”

“பார்த்ததை எழுதுங்கள்,” என்றார் கேப்டன்.

“எழுதினா ஒருத்தரும் நம்பமாட்டினம். ஒரு படம் தாங்கோ. அந்த அண்டாவோட.”

அந்தப் படம் ஒரே வாரத்தில் இரண்டு கரைகளிலும் எல்லாக் கைபேசிகளிலும் சுற்றியது. முந்நூறு பூசணிகள் ‘மேலும் ஆய்வுக்கு’ என்று ஒத்திவைக்கப்பட்டன. எதிர்க்கரையிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனைப்பார் திறந்துவிடப்படுகிறது என்ற உத்தரவு பத்தாம் நாள் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு இளவேனில் காலையிலேயே பூவரசன்வலசைக் கரைக்குப் போனாள். பெண்கள் வத்தையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உத்தரவைக் கொடுத்தவள் கைப்பையிலிருந்து இன்னொரு தாளையும் எடுத்தாள்.

“அக்கா, ஒரு சந்தேகம். அன்னைக்கு மேல வந்த பூசணி மொழுமொழுன்னு இருந்துச்சு. ரெண்டு மாசம் கடல்ல கிடந்தா ஒரு விரல் உசரத்துக்காவது பாசி மொளச்சிருக்கணுமே.”

முத்துராக்கு கயிற்றைச் சுருட்டினாள்.

“அப்புறம் ஓங்கல் கணக்கை எடுத்துப் பார்த்தேன். தினமும் எட்டரைக்கு வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் வரல. மாசிக் களரித் திருவிழாவுக்கு ரெண்டு நாள் வரல. ஓங்கலுக்குக் குலதெய்வம் உண்டுன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது.”

பஞ்சவர்ணத்துக்கு மறுபடி இருமல் வந்தது.

“பூசணி வந்த நாள்லருந்து பயத்துல கேலி போடுறதையே விட்டுட்டோம். இருபதாவது தடவைதான் இவ சொன்ன கேலியில சிரிச்சுக்கிட்டே குதிச்சோம்,” என்றாள் முத்துராக்கு. “சைரன் கத்தல. மறுநாளும் கத்தல. சரி, பூசணிக்குச் சிரிப்புன்னா பிடிக்கும் போலன்னு விட்டுட்டோம். பாசி மொளச்சிருந்தா கை சும்மா இருக்குமா? அது தலையில மொளச்சதையும் சேத்துத்தான் பறிச்சோம்.”

“ஒரு மாசமாத் தினமும் போய்க்கிட்டுதான் இருந்தீங்க. அப்ப எதுக்கு மனு? எதுக்குப் பந்தயம்? நான் ஒரு வாரம் தூங்கல.”

முத்துராக்கு வத்தையின் முனையைப் பார்த்தாள். சகாயமேரி அங்கே விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அவ மகளுக்கு மஞ்சக்காமாலை. மதுரையில ஆசுபத்திரி. இப்பத் தேவலை, வர்ற வாரம் வீட்டுக்கு அனுப்பிருவாக. ஆனா மனு குடுக்குறதுக்கு முன்னாலயே பதினோரு நாளா அவளுக்குச் சிரிப்பு வரல. முங்குனா சைரன் கத்தும், எல்லாரும் மாட்டுவோம். பதினோரு நாளும் வத்தையிலயே உக்காந்திருந்தா. வீட்டுல கஷ்டம் இருக்குறவளுக்குத்தான தாயி கூலி ரொம்ப வேணும்? நாங்க எங்களுக்குன்னு வச்ச கேலிச் சட்டத்த, கடைசியில பூசணியில்ல கையில எடுத்துக்கிருச்சு.”

“உங்க சட்டத்திலயும் சிரிக்காதவ முங்கக் கூடாதுதானே?”

“அது நாங்க வச்ச சட்டம். நாங்களே மாத்திக்கிருவோம். நேத்துச் சாயந்தரமே மாத்தியாச்சு.”

வத்தை ஆனைப்பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. இளவேனிலும் கூடப் போயிருந்தாள். பஞ்சவர்ணம் அன்றைக்கு ப்ரென்னரைப் பற்றிக் கேலி போட்டாள். கார்வியாவில் அவர் மனைவி அந்த அண்டாப் படத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்டிருப்பாள் என்று இரு குரலில் நடித்துக் காட்டினாள். வத்தை குலுங்கியது.

சகாயமேரி சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டினாள். மூச்சை இழுத்தாள். மற்றவர்களுக்கு முன்னால், முதல் ஆளாக, குதித்தாள்.

ஐந்து பெண்களும் சட்டென்று அமைதியானார்கள். எல்லோர் காதும் தானாகக் கரைப் பக்கம் திரும்பியது. பழக்கம்.

எந்தச் சத்தமும் இல்லை. ஒரு கடற்காகம் மட்டும் கத்திவிட்டுப் போனது.

ஒரு நிமிடம் கழித்து சகாயமேரியின் தலை மேலே வந்தது. வலைப்பையில் பாதிக்கு மேல் பாசி. துண்டு அவிழ்ந்து, மூக்கிலும் காதிலும் மரிக்கொழுந்து தொங்கியது. வத்தையிலிருந்து தன்னையே உற்றுப் பார்க்கும் ஆறு முகங்களையும் பார்த்தாள்.

“என்ன அப்படிப் பாக்குறீக?” என்றாள். பிறகு, தொண்டையைச் செருமிக் குரலைக் கனமாக்கிக்கொண்டு, “இந்தா, தங்கச்சியக் கூப்பிடுறேன் மாப்பிள்ளை.”